தோல்விக்கு ஒரு விலை வேண்டும்

போக்கிமான் வீடியோ கேமில் ஒருவர் தோற்றுப்போவது அவ்வளவு எளிதல்ல. கையிலுள்ள ஆறு போக்கிமான்களும் சண்டையில் சுருண்டு விழுந்தாலும் ஆட்டம் முடியாது. 1996இல் வந்த முதல் கேமில் பணத்தில் பாதி பறிபோகும். கடைசியாகப் போன போக்கிமான் மையத்தில், ஆறும் குணமான நிலையில், ஆட்டக்காரர் மறுபடி நிற்பார். போன பணத்தைச் சில சண்டைகளில் சம்பாதித்துவிடலாம். 2010இல் நிக் ஃபிராங்கோ என்ற அமெரிக்கர் தனக்குத் தானே இரண்டு விதிகளைப் போட்டுக்கொண்டு 'போக்கிமான் ரூபி'யை ஆடினார். ஆடிய கதையைக் காமிக்ஸாக வரைந்து இணையத்தில் வெளியிட்டார். முதல் விதி, சண்டையில் விழுந்த போக்கிமான் இறந்ததாகவே கணக்கு; அதை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. இரண்டாவது, ஒவ்வொரு பகுதியிலும் முதலில் எதிர்ப்படும் காட்டுப் போக்கிமானை மட்டுமே பிடிக்கலாம், தப்பினால் தப்பியதுதான். பிடித்த ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க வேண்டும் என்பது பிறகு சேர்ந்துகொண்டது. 'நஸ்லாக்' என்று வழங்கும் இந்த முறையில் இன்று உலகெங்கும் பலர் ஆடுகிறார்கள். வேலையற்றவர்களின் பிடிவாதம் என்று இதை ஒதுக்கிவிடுவது சுலபம். என் கருத்து வேறு. இந்தத் தொடர் கொடுக்காமல் விட்ட ஒன்றை, அதாவது தோல்விக்கு ஒரு விலையை, ஆட்டக்காரர்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். பிடித்த உயிரின்மீது பற்று வைக்கும்படி கேம் ஓயாமல் சொல்கிறது. அந்தப் பற்றுக்கு ஒரு காரணம் கிடைப்பது இந்த விலையால்தான். அதைத் தாமே வைத்துக்கொள்ள உதவிய வசதிகளையும் கேமைத் தயாரிக்கும் நிறுவனம் ஒவ்வொன்றாக எடுத்துவருவது தவறு.

கேமை உருவாக்கிய சடோஷி டஜிரி, டோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் பூச்சி பிடித்து வளர்ந்தவர். வயலும் குளமும் கட்டடங்களாகிவிட்ட காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தத் தேடலின் பரவசத்தைக் கேம் பாயில் கொடுக்க நினைத்தார். அவருடைய கேம் ஃப்ரீக் நிறுவனம் இதற்காக ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் உழைத்தது. கிடைத்தற்கருமை என்பது முதல் கேமில் திட்டமிட்டே வைக்கப்பட்டது. சிவப்பு, பச்சை என இரண்டு பதிப்புகள். ஒன்றில் கிடைக்கும் சில இனங்கள் மற்றதில் கிடைக்கா. எல்லாவற்றையும் சேர்க்க வேண்டுமானால் கேபிள் வழியாக இன்னொருவரோடு மாற்றிக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் காட்டும் மூன்றில் ஒன்றைத்தான் எடுக்கலாம். குகையில் கிடைக்கும் இரண்டு புதைபடிவங்களிலும் அப்படியே. ஆனால் பிடிப்பதில் இருந்த அருமை, பிடித்ததை வைத்திருப்பதில் இல்லை. ஆறு கையில் இருக்கும். மற்றவை கணினிப் பெட்டிக்குப் போகும். நெருப்பு வகையான சார்மாண்டரைத் தேர்ந்தெடுத்தவர் முதல் ஜிம் என்ற சண்டைக்கூடத்தில் அதன் தலைவர் ப்ராக்கின் பாறைவகைப் போக்கிமான்களிடம் திணறுவார். விரிடியன் காட்டில் பிடித்த கேட்டர்பி என்ற புழு, பட்டர்ஃப்ரீ என்ற பட்டாம்பூச்சியாகி அவரைக் கரைசேர்க்கும். அடுத்து வலுவான ஒன்று கிடைத்ததும் பட்டர்ஃப்ரீ பெட்டிக்குள் போய்விடும். பிறகு அதைப் பற்றி நினைக்கக் காரணமே வராது. 151 இனங்களோடு தொடங்கியது இப்போது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொன்றும் பட்டியலில் ஒரு வரியாகிறது.

அதே பயணத்தை நஸ்லாக் விதிகளோடு தொடங்கினால் நிலைமை தலைகீழாகிறது. முதல் பாதையில் இருப்பவை பிட்ஜியும் ரட்டாட்டாவும்தான். எது முதலில் வந்ததோ அதுவே துணை. விரிடியன் காட்டில் பிகாச்சு அரிதாகத்தான் தலைகாட்டும். கேட்டர்பி வந்துவிட்டால் கேட்டர்பியோடுதான் காலம் தள்ள வேண்டும். தெரிவு குறைந்துபோனதால், கையில் இருப்பதை முழுதாகத் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை. பட்டர்ஃப்ரீ எதிரியைத் தூங்கவைக்கும் பொடி தூவும் என்பதும், தூங்கும் எதிரியிடமிருந்து கிடைக்கும் அந்த ஓரிரு முறைகள் மற்றொன்றின் உயிரைக் காக்கும் என்பதும் அப்போதுதான் உறைக்கும். 'போக்கிமான் கோல்டு' கேமின் மூன்றாவது ஜிம் தலைவி விட்னியின் மில்டாங்க் பலருக்கும் நினைவிருக்கும். உருண்டு வந்து மோதும் அதன் தாக்குதல் ஒவ்வொரு முறை பட்டபின்னும் இரட்டிப்பாகும். அடி வாங்கினாலோ பால் குடித்துத் தேறிவிடும். வழக்கமாக ஆடுபவர் நான்கு முறை தோற்று ஐந்தாவது முறை ஜெயித்துப் போவார். நஸ்லாக் ஆடுபவருக்கு அந்த முதல் தோல்வியே பயணத்தின் முடிவாக இருக்கலாம். எனவே ஜிம் வாசலுக்குப் போகுமுன்னரே எதை முன்னால் நிறுத்துவது, எதை இழக்கத் துணிவது என்று யோசிக்கிறார். கேமின் ஒரு வரி நிரல்கூட மாறவில்லை. சண்டையின் பொருள் மட்டும் மாறிவிட்டது.

இதில் திறமை எங்கே, எல்லாம் அதிர்ஷ்டம்தானே என்று கேட்கலாம். முதலில் எது எதிர்ப்படும் என்பதும் தற்செயல், எதிரியின் அடி 'கிரிட்டிகல் ஹிட்' ஆகுமா என்பதும் தற்செயல். ஃபிராங்கோ ஆடிய ரூபியில் சாதாரண அடி ஒன்று அப்படி மாற 16இல் ஒரு வாய்ப்பு உண்டு. மாறினால் சேதம் இரட்டிப்பு. நீண்ட பயணத்தில் இது நடந்தே தீரும். ஆனால் நடந்தே தீரும் என்று தெரிந்த ஒன்றை விபத்து என்று எப்படிச் சொல்வது? அனுபவமுள்ள ஆட்டக்காரர் ஒவ்வொரு அடியையும் இரட்டிப்பாகக் கணக்கிட்டு, அதையும் தாங்குமா என்று பார்த்த பிறகே தன் போக்கிமானைக் களத்தில் விடுகிறார். வழக்கமான ஆட்டத்தில் இந்த முன்யோசனைக்குத் தேவையே எழாது. விழுந்ததை எழுப்ப மருந்து இருக்கிறது, மையம் இருக்கிறது. தற்செயல் இரண்டு முறையிலும் ஒரே அளவுதான். அதற்குத் தயாராக இருக்க வேண்டிய பொறுப்பு நஸ்லாக்கில்தான் ஆட்டக்காரர் தலையில் ஏறுகிறது.

இன்னும் கனமான ஆட்சேபம் கேமைப் படைத்தவரிடமிருந்தே வரும். போக்கிமான்கள் சண்டையில் மயங்கி விழும், சாகாது என்பது டஜிரி தெரிந்தே எடுத்த முடிவு. 1999இல் டைம் இதழுக்கு அளித்த பேட்டியில் அதற்குக் காரணமும் சொன்னார். கேமில் தோற்கும்போது 'செத்தேன்' என்று பிள்ளைகள் சாதாரணமாகச் சொல்வது அவருக்கு உறுத்தியது. மரணத்தை இன்னும் மதிப்போடு அணுக வேண்டும் என்பது அவர் வாதம். அப்படியிருக்க, அவர் விலக்கிவைத்த மரணத்தை நஸ்லாக் உள்ளே இழுத்துவருகிறதே? அவர் சொன்ன காரணத்தையே அளவுகோலாக வைத்துப் பார்ப்போம். அவரை உறுத்தியது மலிந்துபோன மரணம்: மூன்று உயிர், ஐந்து உயிர் என்று கையில் வைத்துக்கொண்டு, செத்ததும் பட்டனை அழுத்தி எழும் மரணம். நஸ்லாக்கில் மரணம் திரும்பப் பெற முடியாதது. அதைத் தவிர்ப்பதற்காகவே ஒவ்வொரு அடியும் எண்ணி வைக்கப்படுகிறது. டஜிரியின் கேமும் மரணத்தை முற்றிலும் ஒதுக்கிவிடவில்லை. லாவெண்டர் டவுனில் இறந்த போக்கிமான்களைப் புதைத்த கோபுரம் ஒன்று நிற்கிறது. அங்கே மனிதர்கள் அழுகிறார்கள். கொல்லப்பட்ட ஒரு தாயின் ஆவி வழிமறிக்கிறது. அந்தத் துக்கம் எல்லாம் மற்றவர்களுடையது. ஆட்டக்காரர் வழிப்போக்கராக அதைக் கடந்துபோகிறார். அதில் அவரையும் ஒரு பங்காளி ஆக்குகிறது நஸ்லாக்.

இழப்பிலிருந்துதான் பற்று பிறக்கிறது என்பதற்கு நஸ்லாக்குக்கு வெளியேயும் சான்று உண்டு. 2014 பிப்ரவரி 12 அன்று ட்விச் தளத்தில் 'போக்கிமான் ரெட்' கேமைப் பார்வையாளர்கள் கூட்டாக ஆடத் தொடங்கினார்கள். அவர்கள் தட்டச்சு செய்த கட்டளைகளையே கேம் பட்டன் அழுத்தங்களாக எடுத்துக்கொண்டது. பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் பங்கேற்ற அந்தக் கூச்சலில் நேராக நாலடி நடப்பதே பெரும்பாடு. பெட்டியில் ஒன்றை வைக்கப்போய் முதல் துணையான சார்மீலியனையே விடுவித்துவிட்டார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் 12 போயின. பழைய சேவ் ஃபைலுக்குத் திரும்பும் வழி கூட்டத்தின் கையில் இல்லை. விளைவு என்ன? போனவற்றுக்கு இரங்கல் ஓவியங்கள் குவிந்தன. எஞ்சி நின்று போராடிய ஒரு பிட்ஜியாட் மீட்பரானது. பையிலிருந்த புதைபடிவம் தெய்வமானது. மார்ச் 1 அன்று கேமை முடித்தபோது அவர்களுக்கென்று ஒரு புராணமே உருவாகியிருந்தது. இதே இனங்களை, இதே கேமில், அதற்கு முன் எத்தனையோ பேர் யோசிக்காமல் விடுவித்திருப்பார்கள். திரும்பக் கிடைக்காது என்ற ஒரே நிபந்தனை சேர்ந்ததும் அவற்றுக்கு வரலாறு வந்துவிட்டது.

தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதிக்கு என்ன வலிமை, வசதிப்படாதபோது மீறினால் யார் கேட்கப்போகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. விரதம் இருப்பவர் சமையலறையில் தனியாக நிற்கும்போதும் காவலுக்கு யாரும் இல்லை. யாரும் பார்க்காததால் விரதம் பொய்யாகிவிடுவதில்லை. நஸ்லாக்கில் இறந்ததாகக் கணக்கு வைத்த போக்கிமானைக் கேம் சாதாரணமாகத்தான் காட்டும். மையத்துக்குக் கொண்டுபோனால் எழுந்துவிடும். எழுப்பாமல் விடுவது முழுக்க ஆட்டக்காரரின் முடிவு. அதனால்தான் அந்த இழப்பு நிறுவனம் எழுதிவைத்த சோகக் காட்சியாக இல்லாமல் அவருடையதாக இருக்கிறது. இதைவிட நியாயமான குறை ஒன்று உண்டு. கடுமையான நஸ்லாக் ஆடுபவர்களில் ஒரு சாரார் சேதத்தைக் கணக்கிடும் மென்பொருளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பலமானதைப் பத்திரமாக இறக்குவதற்காகப் பலவீனமானதைத் தெரிந்தே பலிகொடுக்கிறார்கள். பற்றை வளர்க்க வந்த விதி கடைசியில் கணக்குப்பிள்ளை வேலையாகிவிடுகிறது. உண்மைதான். ஆனால் பலிகொடுப்பதும் கூடாது, மென்பொருளும் கூடாது என்று அடுத்தவர் தன் விதியைத் திருத்திக்கொள்ள முடிகிறது. ஏற்கெனவே வைத்திருக்கும் இனம் மறுபடி எதிர்ப்பட்டால் கணக்கில் சேராது என்பது போன்ற திருத்தங்கள் அப்படித்தான் வந்தன. விதி யாருடையதோ அவரே அதைச் செப்பனிடலாம் என்பது இந்த முறையின் பலம்.

இந்த இடத்தில்தான் நிறுவனத்தின் போக்கு கவலை தருகிறது. சண்டையில் இறங்காத போக்கிமான்களுக்கும் அனுபவப் புள்ளிகளைப் பங்கிடும் வசதி முன்பு விரும்பினால் பயன்படுத்தும் ஒரு பொருளாக இருந்தது. 2013இல் 'எக்ஸ்', 'ஒய்' கேம்களில் அது அணி முழுவதற்கும் விரிந்தது. அப்போதும் அணைத்துவைக்க முடிந்தது. 2019இல் வந்த 'ஸ்வோர்டு', 'ஷீல்டு' கேம்களில் அணைக்க வழியில்லை. எதிரி அடுத்து எதை இறக்கப்போகிறார் என்று முன்கூட்டியே சொல்லி, நம்முடையதை இலவசமாக மாற்றிக்கொள்ள விடும் சலுகை முதல் கேமிலிருந்தே உண்டு. அது வேண்டாம் என்பவர்களுக்கு 'செட்' என்ற தெரிவும் இருந்தது. 2022இன் 'ஸ்கார்லெட்', 'வயலெட்' கேம்களில் அந்தத் தெரிவு காணாமல் போனது. முதன்முதலாகக் கேம் ஆடும் சிறு பிள்ளைகளுக்கான தொடர் இது, எளிமையாக இருப்பதுதான் முறை என்று வாதிடலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆறு வயதுப் பிள்ளையின் பட்டர்ஃப்ரீயைக் கேம் சாகடிக்க வேண்டியதில்லை. எளிமை இயல்புநிலையாக இருப்பதில் யாருக்கும் சண்டையில்லை. அதை விலக்கி ஆட விரும்புபவருக்கும் அதையே கட்டாயமாக்குவதில்தான் சண்டை. பிள்ளைக்கு எந்த இடைஞ்சலும் தராத தெரிவை அகற்றியதால் பிள்ளைக்குக் கிடைத்த லாபம் எதுவும் இல்லை.

சிலர் இன்னொரு படி மேலே போய், நஸ்லாக்கையே அதிகாரபூர்வ ஆட்டமுறையாகக் கேமில் சேர்க்கச் சொல்கிறார்கள். அது வேண்டாம். நிறுவனம் அமல்படுத்தும் நாளில் அது இன்னொரு கடின நிலை ஆகிவிடும். முடித்தவருக்கு ஒரு பதக்கம் கிடைக்கும், மீறும் வாய்ப்பும் மீறாமல் இருந்த பெருமையும் போய்விடும். விதியை ஆட்டக்காரர் எழுதட்டும். எழுத இடம் விடுவது மட்டும் நிறுவனத்தின் வேலை. அனுபவப் பங்கீட்டை அணைக்கும் தெரிவு, 'செட்' என்ற சண்டைத் தெரிவு இரண்டையும் அமைப்புகள் பக்கத்தில் திருப்பி வைத்தால் போதும். முதலாவது 2013இல் இருந்தது. இரண்டாவதற்கு 1996இல், கேம் பாயின் அந்தச் சின்ன நினைவகத்திலேயே இடம் இருந்தது.