பெட்டிக்குள் உறங்கும் ஏடுகள்

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழம்புத்தகக் கடைகளில் தேடித் தேடி அவர் சேர்த்தவை இலக்கியங்கள் மட்டுமல்ல. நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பு எனப் பிறர் எறிந்துவிடும் தாள்களையும் பேணிக் காத்தார். 1992இல் அவர் மறைந்தார். பின்னர்ச் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைக்கு வாங்கிற்று. நல்லவேளை, அது கடல் கடக்கவில்லை. 1994இல் சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகம் எழுந்தது.

நம் இல்லங்களின் நிலை யாது? கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து என நம் மூதாட்டியர் இராகத்தோடு ஓதிய அரபுத்தமிழ் நூல்கள் எங்கே? திருவசனம் பொறித்த கிழிந்த தாள்களை மரியாதையுடன் மண்ணில் புதைப்பது நம் வழக்கம், அதில் பழுதில்லை. ஆனால் அரபு எழுத்தில் உள்ளவையெல்லாம் திருமறை என்றெண்ணித் தமிழ்ப் பாடல்களையும் அல்லவா உடன் புதைத்துவிடுகிறோம்! அவ்வெழுத்தில் தமிழைப் படிக்கத் தெரிந்தோர் அருகிவிட்ட இந்நாளில், வீட்டைத் துப்புரவு செய்யும் இளையோரை மட்டும் குறைகூறிப் பயனில்லை.

ஆகவே, புதைக்குமுன் அறிந்த ஆலிம் ஒருவரிடமோ குடும்பத்து மூத்த பெண்மணியிடமோ காட்டுங்கள். முகப்புத்தாள் கிழிந்திருந்தாலும் தள்ளிவிடாதீர்கள். கடைசிப் பக்கத்தில் அச்சகத்தின் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் இருக்கக்கூடும்.