குடும்பச் சண்டையா, கூலிச் சண்டையா?

சத்யஜித் ராய் 1963-ல் எடுத்த "மகாநகர்" என்ற வங்காளிப் படத்தை மறுபடியும் பார்த்தேன். "அருமையான குடும்பப் படம், இதில் அரசியல் இல்லை" என்று சில மேதாவிகள் சொல்லி வருகிறார்கள். இந்தப் பசப்புக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

கதை என்ன? கல்கத்தாவில் சுப்ரதா ஒரு பாங்கு குமாஸ்தா. தாய், தகப்பன், தங்கை, மனைவி, பிள்ளை, இத்தனை வயிற்றுக்கும் ஒரே சம்பளம். பற்றவில்லை. மனைவி ஆரத்தி வீடு வீடாக ஏறி இறங்கிப் பின்னல் மிஷின் விற்கப் போகிறாள். பள்ளி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற மாமனாருக்கு இது மானக்கேடு. ஆனால் அதே பெரியவர் பழைய மாணவர்களின் வாசலில் போய்க் கை நீட்டுகிறார்! புருஷனுக்கும் பொறுக்கவில்லை. வேலையை விடச் சொல்கிறான். அவள் ராஜிநாமாக் கடிதத்தோடு நிற்கும் நேரம் பாங்கு மூழ்குகிறது. "விட்டுவிடாதே" என்று டெலிபோனில் சொல்பவனும் அவனே!

தோழர்களே, கேட்கிறேன்: குல வழக்கம், குடும்ப மானம் எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் எங்கே போயின? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! அடுப்பங்கரைச் சண்டையின் வேர் அடுப்பங்கரையில் இல்லை, பாங்கில் இருந்தது. பணம் போட்டவர்கள் சுப்ரதாவையே சூழ்ந்துகொள்கிறார்கள். கொள்ளை போனது எங்கோ, அடி வாங்குவது குமாஸ்தா! டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் வந்ததே 1962 ஜனவரியில்தான்; அதுவும் 1960-ல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் பாங்கு மூழ்கி ஜனங்கள் வயிற்றில் அடித்துக்கொண்ட பிறகு.

ஆரத்தியாக மாதவி முகர்ஜி நடிக்கவில்லை, வாழ்ந்திருக்கிறார். முதல் சம்பள நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிறாளே, அங்கே வசனம் ஏது? கூலி வாங்கிய ஒவ்வொரு பெண்ணுக்கும் அந்த முகம் தெரியும். "பெண் வேலைக்குப் போனால் குடும்பம் கெடும்" என்று இன்றும் உபதேசிக்கிறவர்கள் அந்த முகத்தைப் பார்க்கட்டும்.

கடைசிக் கட்டம்தான் முக்கியம். கூட வேலை செய்யும் ஆங்கிலோ-இந்தியப் பெண் எடித் நோயில் படுத்திருந்து திரும்பி வருகிறாள். முதலாளி அவள் நடத்தையைப் பழித்து வேலையிலிருந்து நீக்குகிறார். இதே முதலாளிதான் சுப்ரதாவிடம் ஊர்ப்பாசம் பேசி, வேலை பார்த்துத் தருவதாகச் சொன்னவர். நம்மவருக்கு ஒரு நாக்கு, அந்நியருக்கு ஒரு நாக்கு! ஆரத்தி மயங்கவில்லை. எடித்திடம் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாள். முதலாளி மறுக்கவே கடிதத்தை வீசிவிட்டு வெளியேறுகிறாள். வீட்டில் புருஷனுக்கும் வேலையில்லை என்று தெரிந்தே செய்கிறாள். ஜாதி பார்க்கவில்லை, மதம் பார்க்கவில்லை. இதுவா அரசியல் இல்லாத படம்?

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஆரத்தி தனியே வெளியேறினாள். தனி ஆளின் ராஜிநாமாவால் முதலாளிக்குக் காலணா நஷ்டமில்லை. நாளையே அந்த இடத்தில் இன்னொருத்தி. அங்கே வேலை செய்த அத்தனை பெண்களும் பையைக் கீழே வைத்திருந்தால்? மிஷின்களை யார் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவது? முதலாளியா?

ராய் ஒரு பெண்ணின் நேர்மையைக் காட்டினார். அந்த நேர்மைக்குப் பக்கபலமாக நிற்பது உழைப்பவர் வேலை. படத்தைப் பாருங்கள், வீட்டுப் பெண்களோடு சேர்ந்து பாருங்கள். பார்த்துவிட்டு, உங்கள் ஆலையில், உங்கள் வயலில் எடித் யார் என்று பேசுங்கள்!