மலைநாட்டு மாதரும் மகப்பேற்று மருந்தும்

பிள்ளையில்லாக் குறையைப் பெண்ணின் தலையிலேயே சுமத்தும் வழக்கம் நம் நாட்டில் இன்னும் ஒழிந்தபாடில்லை. அக்குறை தீர மருந்துண்ணும் ஸ்திரீகளுக்குப் பிற்காலத்தில் சினைப்பைப் புற்றுநோய் நேருமென்ற அச்சமும் முப்பது வருஷங்களுக்கு மேலாக உலவி வருகிறது. இவ்வச்சத்தில் மெய் எவ்வளவு, இது விஷயத்தில் சர்க்காரின் கடமை யாது என்பதை ஆராய்வது அவசியமாகும்.

குளோமிபீன் முதலிய மாத்திரைகள் மூளையடிச் சுரப்பியைத் தூண்டிக் கருமுட்டையை முதிர்வித்து வெளிப்படுத்துகின்றன. முட்டை வெளிப்படுந்தோறும் சினைப்பையின் மேற்புறம் புண்பட்டு ஆறுகிறதென்றும், அது ஓயாது நிகழ்வதே புற்றுக்கு இடமளிக்கலாமென்றும் 1971-இல் எகிப்து தேசத்து வைத்தியர் பாதல்லா கருதினார். 12 மாதச் சுற்றுகளோ அதற்கு மேலோ குளோமிபீன் உண்டவர்களிடம் சினைப்பைக் கட்டிகள் மிகுந்திருந்ததாக 1994-இல் அமெரிக்க ஆராய்ச்சியொன்று கூறவே, அச்சம் பரவியது.

பின்வந்த பெரிய ஆராய்ச்சிகள் அவ்வச்சத்தைப் பெரிதும் தணித்தன. 2009-இல் டென்மார்க்கில் 54,362 பெண்களை ஆராய்ந்தோர் மருந்துக்கும் நோய்க்கும் உறுதியான தொடர்பு காணவில்லை. 2018-இல் பிரிட்டனில் செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சை பெற்ற 2,55,786 பெண்களை ஆராய்ந்தபோது, எதிர்பார்த்த 292-க்குப் பதில் 405 பேருக்கு இந்நோய் கண்டது மெய்யே. ஆனால் அந்த மிகுதி, கருப்பை உட்சவ்வு வெளியே வளரும் நோயுற்றவரிடமும் பிள்ளைப்பேறு குறைந்தவரிடமுமே காணப்பட்டது. கணவனிடம் குறையிருந்து சிகிச்சை பெற்ற மனைவியரிடம் காணப்படவில்லை. ஆகவே, மருந்தைக் காட்டிலும் பிள்ளைப்பேற்றைத் தடுத்த நோயே காரணமாயிருக்கக் கூடுமென்று கொள்வது பொருந்தும். அச்சம் வேண்டுவதில்லை, அசட்டையும் தகாது. குளோமிபீனை ஆறு மாதத்திற்கு மேல் தொடரலாகாதென்பது பிரிட்டிஷ் வைத்திய நெறி.

நம் நாட்டுச் சட்டமோ பாதி வழியே வந்து நிற்கிறது. ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகளைப் பலமுறை எடுத்து விற்ற கொடுமை 2022-இல் வெளிப்பட்டது. 2021-ஆம் வருஷத்துச் சட்டமோ, கருமுட்டை கொடுப்பவள் 23 முதல் 35 வயதுக்குட்பட்டவளாய் இருக்க வேண்டுமென்றும், வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாமென்றும் விதித்திருந்தது. ஆனால் வெறும் மாத்திரை கொடுத்து அனுப்பும் சிகிச்சை அச்சட்டத்தின் எல்லைக்குள் வருவதன்று.

இக்குறையின் பாரம் ஜவ்வாது மலை போன்ற இடங்களிலேதான் அதிகம். சாமை விற்ற காசை முடிந்துகொண்டு ஜமுனாமரத்தூர்ப் பக்கத்திலிருந்து போளூருக்கோ, திருப்பத்தூருக்கோ, வேலூருக்கோ இறங்கி மாத்திரை பெற்றுத் திரும்பும் மலையாளிப் பழங்குடிப் பெண், தான் உண்டது யாது, எத்தனை மாதம் உண்டோம் என்பதை இருபது வருஷங் கழித்து யாரிடம் கேட்டறிவாள்? நகரத்துச் சீமாட்டியின் கையில் காகிதமிருக்கும். இவள் கையில் என்ன இருக்கும்?

சர்க்கார் செய்ய வேண்டுவன மூன்று. கணவனையும் சோதியாமல் மனைவிக்கு மருந்து கொடுக்கலாகாதென்று விதிக்க வேண்டும். மருந்தின் பெயரும் மாதக் கணக்கும் தமிழில் எழுதிய அட்டையை அவள் கையில் கொடுத்து, அதன் படியை மலைச் சுகாதார நிலையத்தில் வைக்க வேண்டும். அக்கணக்கைப் புற்றுநோய்ப் பதிவேட்டுடன் இணைக்க வேண்டும். வயிறு உப்புதல், சிறிதுண்டாலும் நிறைதல், அடிவயிற்று நோவு ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் வைத்தியரை நாட வேண்டுமென்பதைக் கிராமச் செவிலியர் அம்மாதருக்கு எடுத்துரைக்க வேண்டும்.

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவில்லை. தேசத்தொண்டர்கள் மலையேறிச் செல்லும்போது வாக்கு மட்டும் கேட்டுத் திரும்பாமல், இந்த அட்டை வந்ததா என்றும் கேட்பார்களாக. டென்மார்க்கும் பிரிட்டனும் தங்கள் பெண்களைக் கணக்கெடுத்ததனாலன்றோ இன்று நமக்கு உண்மை தெரிகிறது! நம் பெண்களை நாம் கணக்கெடுப்பது எப்போது?