பனீர் கொடுத்தது குற்றமா? முட்டையைத் தடுத்தது குற்றமா?



ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள சந்துகளில் இரவு எட்டு மணிக்கு மேல் நடந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியில் யாரோ ஒருவர் சமைத்துக்கொண்டிருப்பார். நம்மவர்கள் சுற்றி அமர்ந்து தீர்ப்பு வழங்கிக்கொண்டிருப்பார்கள். "இவளுக்குக் கைப்பக்குவம் போதாது", "அவன் நடுவருக்கு வேண்டியவன்" என்று வாதம் சூடு பிடிக்கும். பகலெல்லாம் மூட்டை தூக்கியவரும், நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவரும் ஒரு மணி நேரம் நீதிபதியாக இருப்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. தீர்ப்பு தவறும்போது மட்டும் வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது.

அப்படித் தவறிய ஒரு தீர்ப்பைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். 2023-ஆம் ஆண்டு சோனி தொலைக்காட்சியில் 'மாஸ்டர்செஃப் இந்தியா' ஏழாவது போட்டி நடந்தது. சென்னையிலிருந்து அருணா விஜய் என்ற பெண்மணி கலந்துகொண்டார். சமண சமயத்தைச் சேர்ந்தவர். மீனும் இறைச்சியும் சமைக்க மாட்டார். மற்றவர்கள் கையில் மீனைக் கொடுத்த ஒரு சுற்றில் அவருக்கு மட்டும் பனீர் கொடுத்தார்கள். அவ்வளவுதான், நாடெங்கும் பார்த்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். "பாரபட்சம்! சலுகை! நிகழ்ச்சியைப் புறக்கணிப்போம்!" என்று கைப்பேசிகள் அலறின. அந்தப் பெண்மணியையே வசைபாடியவர்களும் உண்டு. அந்தக் கூச்சலில் நம் சந்துகளின் குரலும் கலந்திருந்தது. இன்றும் சமையல் போட்டி என்று பேச்செடுத்தால் அந்தப் பனீர் கதையில்தான் வந்து நிற்கிறார்கள்.

அந்தக் கோபத்தில் நியாயமே இல்லையென்று சொல்ல மாட்டோம். மீனைச் செதில் நீக்கி, முள் எடுத்து, சதை உடையாமல் வேகவைப்பது ஒரு வித்தை. பனீரில் முள் கிடையாது. போட்டி என்றால் பாரம் எல்லோர் தலையிலும் சமமாக ஏற வேண்டும். ஆனால் அதற்குப் பரிகாரம் என்ன? மாற்றுப் பொருள் யாருக்கு, எந்தச் சுற்றில் என்று முன்கூட்டியே விதியில் எழுதிவைப்பது. மாற்றாகத் தருவதும் அதே அளவு கடினமாக இருக்கும்படி பார்ப்பது. விதி எழுதியவர்களைக் கேட்க வேண்டிய கேள்வியை அடுப்படியில் நின்ற பெண்ணிடம் கேட்டோம். அந்தப் பனீர் அவருக்குக் கோப்பையையும் வாங்கித் தரவில்லை. அஸ்ஸாமிலிருந்து வந்த நயன்ஜோதி சைக்கியாதான் வென்றார்.

ஒருவர் தன் மனச்சாட்சிக்காக ஒன்றைத் தொடமாட்டேன் என்றால், அவருக்கு வேறொன்றைக் கொடுப்பது மனிதத்தன்மை. பன்றி இறைச்சியைத் தொடாத முஸ்லிம் தோழருக்கும் அதே உரிமை உண்டு. இதைச் சலுகை என்று நாம் திட்டினால், நாளைக்கு நம் பிள்ளைக்கு மாற்று தேவைப்படும்போது எந்த வாயால் கேட்பது?

அப்படியானால் அநியாயம் எது? அதே போட்டியின் நாலாவது தடவையைப் பாருங்கள். 2015-இல் ஸ்டார் பிளஸில் ஒளிபரப்பான அந்தப் போட்டியின் சமையலறை முழுவதுமே சைவம். மீனில்லை, கோழியில்லை, ஆடில்லை. கடலோரத்தில் பிறந்து மீன் குழம்பில் கை தேர்ந்தவர்கள் தங்கள் வித்தையை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். அவர்களுக்கு எந்த மாற்றும் தரப்படவில்லை. ஒரு பெண்ணுக்குப் பனீர் கொடுத்ததற்கு வெடித்த நம் சந்து, எல்லோர் கையிலிருந்தும் மீனைப் பிடுங்கியபோது தூங்கிக்கொண்டிருந்தது!

ஒருவர் தட்டில் வேறொன்றை வைப்பது ஒன்று. ஒருவர் பேரைச் சொல்லி எல்லோர் தட்டையும் வழித்தெடுப்பது வேறொன்று. இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் நாம் ஏமாளிகள்தாம். தொலைக்காட்சியில் ஏமாந்தால் பொழுதுதான் போகும். பள்ளிக்கூடத்தில் ஏமாந்தால் பிள்ளையின் உடம்பு போகும்.

கர்நாடகத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2021 டிசம்பரில் பீதர், ராய்ச்சூர், கலபுரகி, யாதகிரி, கொப்பள், பல்லாரி, விஜயபுரா ஆகிய ஏழு மாவட்டங்களின் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவில் முட்டை கொடுக்க அரசு முன்வந்தது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். அருணாவுக்குக் கிடைத்த பனீர் மாதிரிதான் இந்த வாழைப்பழமும். யாருக்கும் கட்டாயமில்லை. இருந்தும் சில மடாதிபதிகள் எதிர்த்துக் கிளம்பினார்கள். தங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வாழைப்பழம் போதவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு முட்டை கூடாது! இதே பெங்களூரில் 2000-இல் தொடங்கிய அட்சய பாத்திரம் அறக்கட்டளையின் உணவில் வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. 2019-இல் அது பெரிய சர்ச்சையாயிற்று. சமைப்பவரின் விரதத்தைச் சாப்பிடும் பிள்ளை ஏன் சுமக்க வேண்டும்?

வாடகை வீடு தேடி அலைந்த நம் குடும்பங்களுக்கு இது புதிதில்லை. "சைவர்களுக்கு மட்டும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தியவர்களிடம் நாம் மாற்று எதுவும் கேட்டுப் பெற்றதில்லை; மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குத்தான் போனோம். சலுகை என்பது ஒரு பக்கமாகவே ஓடும் வண்டியாக இருக்கிறதே, அதுதான் நம் கோபத்துக்கு உரிய இடம்.

ஊரான் அழுக்கைச் சொல்லிவிட்டு நம் அழுக்கை மூடிவைக்க மாட்டோம். 2018-இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த ஒரு தலித் பெண்மணியைச் சமைக்க விடாமல் ஆதிக்க சாதியினர் தடுத்தார்கள். அங்கே மறுக்கப்பட்டது மீனும் முட்டையும் இல்லை, சமைத்த கை! மீன் வேண்டாமென்பவருக்கு மாற்று கொடுக்கலாம். மனிதரை வேண்டாமென்பவருக்கு மாற்று கிடையாது, சட்டம்தான் உண்டு. தொலைக்காட்சியில் எந்தச் சாதிக்காரர் சமைத்தாலும் நாக்கில் நீர் ஊறப் பார்க்கிற நாம், ஊர்த் திருவிழாவுக்குப் போனால் எந்த வீட்டில் தண்ணீர் குடிக்கிறோம் என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

2024 செப்டம்பரில், அசீம் பிரேம்ஜி அறக்கட்டளையின் நிதியுதவியோடு கர்நாடகப் பள்ளிகளில் முட்டை வாரம் ஆறு நாள் என்று விரிவாக்கப்பட்டது. காகிதத்தில் வந்தது தட்டில் வருகிறதா என்று பார்ப்பது யார் வேலை? நம் வேலை! பிள்ளையிடம் இன்றிரவே கேளுங்கள்: இந்த வாரம் எத்தனை முட்டை? முட்டை கேட்ட பிள்ளைக்கு வாழைப்பழத்தைத் திணிக்கிறார்களா? வாழைப்பழம் கேட்ட பிள்ளையைக் கேலி செய்கிறார்களா? இரண்டும் தவறு. குறை இருந்தால் நாலு பெற்றோராகச் சேர்ந்து பள்ளி மேம்பாட்டுக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். தலைமை ஆசிரியரிடம் மரியாதையாக, எழுத்துமூலம் கேளுங்கள். கன்னடத்தில் மனு எழுதத் தெரியாதென்றால் சங்கத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.

சமையல் போட்டியைத் தாராளமாகப் பாருங்கள். உப்பு கூடியதா குறைந்ததா என்று சண்டையும் போடுங்கள். ஆனால் தீர்ப்புச் சொல்லத் தெரிந்த அந்த நாக்கை, உங்கள் பிள்ளையின் தட்டுக்காகவும் ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் பேச விடுங்கள்!