இரண்டாவது அம்பு

சென்னை சென்ட்ரல் நிலையத்தை அடுத்து, இன்று புறநகர் இரயில்கள் வந்து நிற்கும் இடத்தில் முன்பு மூர் மார்க்கெட் இருந்தது. 1900-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அச்செந்நிறக் கட்டடம் 1985 மே மாதத்தில் தீக்கிரையாயிற்று. பழைய புத்தகங்களுக்காக அதனை நினைந்து உருகுவோர் பலர். நமக்கோ அதன் பெயரைக் கேட்டவுடன் பட்டாளத்துச் சாமான்களே நினைவுக்கு வருகின்றன.

இரண்டாம் உலகப்போர் 1945-இல் முடிவுற்றதும், படைகளுக்கு வேண்டாதவையாய்ப் போன பொருள்கள் மலையெனக் குவிந்தன. ஏலத்தில் போனவை கைமாறிக் கைமாறிக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. ‘டிஸ்போசல் சாமான்’ என்றால் அந்நாளில் அடுப்படியில் இருக்கும் பெண்களுக்கும் விளங்கும். கொசுவலை, கித்தான் பை, ஒன்றனுள் ஒன்று அடங்கும் உணவுத் தகரங்கள் என்று எல்லாம் கிடைக்கும். நமக்கு வாய்த்தது ஒரு தண்ணீர்க் குப்பி. நீல எனாமல் பூசியது. மேலே காக்கிக் கம்பளி உறை. உறையை நனைத்துவிட்டால், ஈரம் காற்றில் உலர உலர உள்ளே நீர் குளிர்ந்துவிடும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்குச் சென்ற நாளில் வகுப்பே நம்மைச் சூழ்ந்துகொண்டது.

மண்ணெண்ணெய்க்கு ஓர் இருபது லிட்டர் ‘ஜெரி கேன்’ வாங்கினோம். அதற்கு ஏன் மூன்று கைப்பிடிகள் என்று கேட்டதற்குத் தந்தையார் விளக்கம் சொன்னார். நிறைந்த கலமாயின் இருவர் பக்கத்துக்கு ஒருவராகப் பிடித்துத் தூக்கலாம். வெறுங்கலமாயின் ஒருவனே ஒரு கைக்கு இரண்டு கொண்டு போகலாம். ஜெர்மானியர் வகுத்த அமைப்பு அது. ஆங்கிலேயர் அதைப் பார்த்துச் செய்துகொண்டு, ஜெர்மானியருக்குத் தாம் இட்டிருந்த பட்டப்பெயரையே கலத்துக்கும் சூட்டினர். பகைவனிடமும் நல்லதைக் கற்கலாம் போலும்!

எதை வாங்கினாலும் தந்தையார் முதலில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அவர் தேடியது அம்புக்குறியை. அகன்ற தலையுடைய ஓர் அம்பு, பிரித்தானிய அரசின் உடைமை என்பதற்கு அடையாளம். பொருளை அரசு விற்றுவிட்டால், முதல் அம்பின் முனையைத் தொடுமாறு எதிரே இன்னோர் அம்பைப் பொறிப்பது வழக்கம். இரண்டாவது அம்பு இல்லாத சாமான் கிடங்கிலிருந்து களவு போனதாயிருக்கலாம் என்பது தந்தையாரின் அச்சம்.

1952-ஆம் ஆண்டு மார்கழியில் நம் தம்பிக்கு இளைப்பு மிகுந்தது. கம்பளி ஒன்று வாங்கிவரத் தந்தையாரும் நாமும் புறப்பட்டோம். கடைக்காரர் விரித்துக் காட்டியது புத்தம் புதியது. கையை வைத்தால் எடுக்க மனம் வராது. ஏழு ரூபாய் என்றார். தந்தையார் ஓரத்தைத் திருப்பினார். ஓர் அம்புதான் இருந்தது.

“ஐந்தரைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா, பிள்ளைக்குத்தானே?”

தந்தையார் கம்பளியை மடித்து வைத்துவிட்டு வெளியே வந்தார். நாம் வழியெல்லாம் அழுதோம்.

வீட்டில் அம்மா ஒன்றும் பேசவில்லை, பேசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். தம் பழைய புடைவைகள் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாகத் தைத்துத் தம்பிக்குப் போர்த்தினார். இரவெல்லாம் அவன் மூச்சு இழுக்கும் ஓசையினிடையே, “அம்பு பார்க்கிறாராம், அம்பு” என்று ஒருமுறை முணுமுணுத்தது மட்டும் நம் காதில் விழுந்தது. தந்தையாரும் உறங்கவில்லை. அடுத்த சம்பளத்தில் அவர் ஒரு கம்பளி கொண்டுவந்தார். பழையது, மூன்றிடத்தில் இழை ஓட்டியது, விலையோ எட்டு ரூபாய். ஓரத்தில் இரண்டு அம்புகள் முனையோடு முனை சேர்ந்து நின்றன. அதற்குள் பனி பாதி போய்விட்டது.

பல்லாண்டுகள் கழித்து, எல்லாப் பொருள்களிலும் இரண்டாவது அம்பு பொறிக்கப்படவில்லை, அது இன்றியே முறைப்படி விற்கப்பட்டவை ஏராளம் என்று படித்தறிந்தோம். அந்தப் புதுக் கம்பளியும் நேர்மையாக வந்ததாகவே இருந்திருக்கலாம். தந்தையார் அப்போது உயிருடன் இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்போமா என்பது நமக்கே ஐயம். அம்மாவிடம் சொன்னோம்.

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின், “அந்த மனுஷனுக்கு யார் சொல்லி என்ன?” என்றார். “அது கிடக்கட்டும். தம்பி வீட்டிலே அந்தக் கம்பளியை வெயிலில் போட்டார்களாமா, கேட்டாயா?”