வெந்நீரும் ஓய்வும்

ஓய்வைச் சோம்பல் என்று கருதும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஓரூரிற் சென்று தங்கி இளைப்பாறுதல் செல்வர்க்கே உரியதென்ற எண்ணமும் அதனோடு சேர்ந்து வளர்ந்துள்ளது. இவ்விரண்டும் பிழை என்பதே என் துணிபு.

யப்பான் நாட்டுக் கடற்கரையில் அத்தாமி என்றோர் ஊர் உண்டு. அப்பெயரை எழுதும் எழுத்துகள் தரும் பொருள் ‘வெப்பக் கடல்’ என்பதாம். அத்தகைய வெந்நீரூற்று ஊர்களில் மரபுவழி வந்த விடுதிகள் உள. விருந்தினர் வாயிலிலே செருப்பைக் கழற்றி, பருத்தி அங்கி அணிந்து, கோரைப்பாயில் அமர்ந்து, அக்கரையிற் பிடித்த மீனோடு உண்கின்றனர். நீராடுமுன் தொட்டிக்கு வெளியே இருந்து உடலைத் தேய்த்துக் கழுவுவர். பின்னரே வெந்நீரில் அமிழ்வர். ஆங்கு அவசரத்திற்கு இடமில்லை.

இது நமக்கு அயலானதன்று. முத்துக் குளித்தல் என்கிறோம். பகைவன் மார்பில் அம்பு குளித்தது என்பது இலக்கிய வழக்கு. குளித்தலாவது மூழ்குதல். உடலோடு உள்ளமும் மூழ்கினாலன்றோ அச்சொல் நிறைவுறும்?

எரிமலையற்ற இலங்கையிலும் வெந்நீரூற்றுகள் உள. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழ்ந்து சென்று சூடேறி மீள்வதே அதற்குக் காரணம். திருகோணமலைக் கடற்கரைக்கு அணித்தாயுள்ள கன்னியாவில் ஏழு கிணறுகள் இருக்கின்றன. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் வாளூன்றிய இடங்களிலே அவை ஊறின என்பது ஐதிகம். இன்றும் இறந்தோர்க்குக் கடன் கழிக்க மக்கள் அங்குச் செல்கின்றனர். கிணற்றுள் இறங்காது மொண்டு ஊற்றிக்கொள்கின்றனர். பொதுநீரை மாசுபடுத்தலாகாது என்னும் யப்பானியர் நெறியும் இதுவே.

நெறி ஒன்றாயினும், பின் நிகழ்வது வேறு. நம்மவர் ஈரத்துணியைப் பிழிந்த கையோடு வண்டியேறிவிடுகின்றனர். துயரோடு வந்தவர் ஓரிரவேனும் தங்கி ஆறுதல் பெற வேண்டாவா?

“அவர்கள் செல்வநாட்டினர், நமக்கேது வசதி?” என்பார் உளர். யப்பானிய உழவர் செய்ததை அவர் நோக்குக. வேளாண்மை ஓய்ந்த காலத்தில் அரிசியைத் தாமே சுமந்து சென்று, ஊற்றருகே தாமே சமைத்துண்டு, பன்னாட்கள் தங்கி உடல் தேற்றிக்கொள்வது அவர்தம் பழைய வழக்கம். அதற்கு வேண்டியன கூரையும் அடுப்பும் பாயுமே. நம் முன்னோர் வழிப்போக்கர்க்கு அமைத்த மடங்களும் இவ்வளவினவே.

பன்வில மலைச்சரிவுகளில் யான் நாள்தோறும் காண்பவர் கொழுந்துக்கூடை சுமக்கும் தாய்மார். மழையிலும் பனியிலும் நின்று முதுகு நொந்த அவர்கள், என் மாணாக்கரின் அன்னையர். வெந்நீரும் இரண்டு நாளோய்வும் அவர்க்கே முதலில் உரியன. சங்கங்களும் கோயிலறங்காவலரும் தோட்ட நிருவாகத்தாரும் கூடினால், கன்னியாவை அடுத்து எளிய மடமொன்று எழுப்புதல் அரிதன்று. ஆண்டுக்கொருமுறை அவர்களை அழைத்துச் செல்லுதலும் அரிதன்று.

இராவணன் பெருமையை மேடைதோறும் பேசுகின்றோம். அவன் தாய்க்காகத் தோன்றியது என்று நாம் போற்றும் நீரிலே நம் தாய்மார் இளைப்பாற வழிசெய்வோமாக.