சட்டையும் பொறியியல்தான்!



ஆண்டு மலருக்கு 'ஜாக்கெட்' பற்றி எழுதப் போறேன்னு சொன்னதும் நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிங்க! நான் சொல்ல வந்தது போர்வீரன் போடும் மேல்சட்டையை.

கருணாபுரத்தில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஹவில்தார் மாமா ஒருவர் இருக்கிறார். மார்கழியில் பைக்கில் வெள்ளிமலை போய் நடுங்கித் திரும்பிய என்னைப் பார்த்து, "ரெண்டு சட்டைக்கு நடுவுல நிக்குற காத்துதான்டா குளிரைத் தடுக்கும்" என்றார். வெப்பக் கடத்தல் பாடம், ஒரே வரியில்!

இரண்டாம் உலகப் போரின் நடுவில் அமெரிக்க ராணுவம் இதைத்தான் செய்தது. பழைய குட்டை ஜாக்கெட் குளிருக்குப் போதவில்லை. 1943 மாடலில் காற்றைத் தடுக்கும் நெருக்கமான பருத்தித் துணி வெளியே, கதகதப்பான அடுக்கு உள்ளே. குளிருக்கேற்ப போடலாம், கழற்றலாம்.

நம் நாட்டில்? 1962 அக்டோபரில் இமயமலையில், நம்கா சூ ஆற்றங்கரையில் நம் வீரர்கள் பலர் பருத்திச் சீருடையோடு நின்றார்கள். வியர்வையிலும் பனியிலும் நனைந்த பருத்தி சூட்டைக் காக்காது. எதிரியோடு குளிரும் அவர்களைத் தாக்கியது. 1984-ல் சியாச்சின் ஏறியபோதும் பனி உடைகள் ஐரோப்பாவிலிருந்துதான் வந்தன. இத்தனைக்கும் நம் ஆவடியில் ராணுவ உடைத் தொழிற்சாலை 1961-லேயே வந்துவிட்டது!

2022 ஜனவரியில் அறிமுகமான புதிய போர்ச் சீருடையில் பருத்தி 70, பாலியெஸ்டர் 30 சதவீதம். எடை குறைவு, சீக்கிரம் உலரும். மகிழ்ச்சிதான். ஆனால் அடிபட்ட பிறகுதான் அளவெடுக்கணுமா?

தூரத்துக் கதைன்னு நினைக்காதீங்க. போன வருஷம் லேத்தில் வேலை செய்யும்போது என் தொளதொள சட்டைக் கையைச் சக் இழுத்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த நண்பன் சுவிட்சை அணைத்ததால் இன்று இந்தக் கையால் எழுதுகிறேன். அந்தக் காக்கிச் சட்டையை வாங்கும்போது விலையைக் கேட்டார்கள், நிறத்தைப் பார்த்தார்கள். லேத் முன்னால் நிற்பவனை யாரும் கேட்கவில்லை.

ஆகவே சங்கத்துக்கு என் கோரிக்கை இதுதான்: அடுத்த ஆண்டுப் பட்டறைச் சட்டைக்கு ஆர்டர் கொடுக்குமுன் நாலு மாதிரி தைத்து, நாமே போட்டுப் பார்ப்போம். மணிக்கட்டில் இறுக்கமான பட்டன் இருக்கட்டும்.

போடுகிறவனைக் கேட்காமல் தைத்த சட்டை, அளவு பார்க்காமல் கடைந்த ஷாப்ட் மாதிரி. பார்க்க நன்றாக இருக்கும், பொருந்தாது!